பயத்துக்கு ஒரு குழாய்

நேற்றுக் காலை முத்துலட்சுமி கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. வெந்த இறைச்சிச் சாறும் ஈரத் துணியும் கலந்தாற்போல, லேசாகப் புளித்த, வெதுவெதுப்பான வாசனை. மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நாம் இருவரும் பணிக்காலம் முழுவதும் அதற்குள்தான் இருந்தோம். அந்த நொடியில் என் முதுகுக்குப் பின்னால் நீர் நிற்கிறீர் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இல்லை என்று தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டையில் அவள் நடத்தும் சிறிய பரிசோதனைக் கூடம் அது. கல்லூரியில் நம்மிடம் நுண்ணுயிரியல் படித்தவள். அவளுக்கே இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நான் போனது பழைய மாணவியை விசாரிக்க அல்ல. என் சிறுநீரில் பாக்டீரியா ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க. சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அதில் ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை. வளர்ப்புத் தட்டில் எதுவும் வளராமல் இருந்தால் விழுங்குவதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். விழுங்காவிட்டால் என் இதயம் தாங்காது என்று அவர் சொல்லிவிட்டார். விழுங்கினால் உமக்கு வந்தது எனக்கும் வரும் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"அய்யா, மொதல்ல உக்காருங்க. தட்ட எடுத்துக் காட்டுதேன்," என்றாள் முத்துலட்சுமி.

உட்கார்ந்தேன். அவள் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்தாள். அந்த நேரத்துக்குள் மனத்தில் ஓடியதைத்தான் இன்று மாலை உட்கார்ந்து உமக்கு எழுதுகிறேன். உமக்கு எழுதிப் பயனில்லை என்று தெரியும். ஆனால் வேறு யாரிடம் இந்தப் பயத்தைச் சொல்வதானாலும், சர்க்கரை எப்படிச் சுவர் தாண்டுகிறது என்பதிலிருந்து தொடங்கியாக வேண்டும். உம்மிடம் அது தேவையில்லை. தேவையில்லாவிட்டாலும் அங்கிருந்தேதான் தொடங்கப் போகிறேன். வாத்தியார் புத்தி.

லாக்டோஸ் பெர்மியேஸ் என்ற புரதத்தை நான் முதன்முதலாகக் கரும்பலகையில் வரைந்த நாள் உமக்கு நினைவிருக்கும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு எண்ணெய்ப் பசை கொண்டது. சர்க்கரையோ தண்ணீரில் கரைகிற பொருள். எண்ணெயைத் தாண்டித் தானாக உள்ளே போக அதனால் ஆகாது. ஆகையால் நாம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குடல் பாக்டீரியா தன் சவ்வில் புரதத்தால் ஒரு வாசல் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதம் ஒரே நூல். சவ்வின் ஊடாகப் பன்னிரண்டு முறை போய்த் திரும்பி, இரண்டு பாதியாக மடிந்து, நடுவில் சர்க்கரை உட்கார ஒரு குழி விட்டு நிற்கிறது. இதை நான் பல நிறச் சாக்பீஸில் வரைந்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நீர் நின்று எட்டிப் பார்த்தீர்.

"என்னவே, இடியாப்பம் புழியுதீரா?"

தூங்கியவர்கள் எல்லாரும் எழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நீர் உள்ளே வந்து பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்.

"எல்லாரும் இங்கன பாருங்க. நான் அல்லாகிட்ட துஆ கேக்கேன்," என்று மணிக்கட்டுகளை ஒட்டவைத்து உள்ளங்கைகளை மேலே விரித்தீர். "வெளி வாசல் தொறந்திருக்கு, உள் வாசல் அடைச்சிருக்கு. சீனி வந்து நடுவுல உக்காருது. இப்ப இந்த அய்யா கும்பிடுவாரு. கும்பிடும்வே."

கும்பிட்டேன். என் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டுகளை மட்டும் விலக்கினீர்.

"வெளி வாசல் அடைச்சாச்சு. உள் வாசல் தொறந்தாச்சு. சீனி உள்ள விழுந்துட்டு. அவ்வளவுதான் சோலி."

"ரெண்டு வாசலும் ஒரே நேரத்துல தொறந்தா, ஸார்?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அவள்தான் இந்த முத்துலட்சுமி.

"தொறக்காது தாயி. தொறந்தா சேத்து வச்சதெல்லாம் ஒழுகிப் போவும்."

அதன்பின் அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் நாம் சேர்ந்தே நடத்தினோம். துஆவுக்கு நீர், கும்பிடுவதற்கு நான்.

நான் எப்படிப்பட்டவன் என்று உமக்குத் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் எடுத்த பிறகும் கண்டக்டர் பக்கத்தில் வந்தால் பையைத் தடவிப் பார்க்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். ஆய்வுக்கூடத்தில் இந்தக் குணம் எல்லாருக்கும் தொந்தரவாக இருந்தது. குடுவை கழுவியதுதானா, உப்பை நிறுத்தது சரிதானா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீரும் கேலி செய்தீர், அந்தத் தொலுயீன் விவகாரம் வரும்வரை.

விலை கூடிய கருவிகள் நம்மிடம் கிடையாது. நிறமில்லாத ஒரு போலி லாக்டோஸை வைத்துத்தான் காலத்தை ஓட்டினோம். அது வாசல் வழியாகச் செல்லுக்குள் போய், உள்ளே இருக்கிற நொதி அதை வெட்டினால் குழாய் மஞ்சளாகும். ஆக, மஞ்சள் வந்தால் வாசல் வேலை செய்கிறது. ஒரே ஒரு சிக்கல்: தொலுயீன் என்ற கரைப்பான் ஒரு சொட்டுப் பட்டுச் சவ்வு ஓட்டையாகிவிட்டால், வாசலே இல்லாத செல்லிலும் மஞ்சள் வந்துவிடும். வாசல் இல்லாத அப்படி ஒரு வகையை வெளியூரிலிருந்து வரவழைத்து வளர்த்தோம். மஞ்சளாகவே கூடாத அந்தக் குழாய் ஒரு நாள் காலையில் மஞ்சளாகிவிட்டது.

"வாசல் இல்லாத வூட்டுக்குள்ள ஆள் போயிருக்காம்வே. அப்ப யாருக்கும் தெரியாத வேற வாசல் ஒண்ணு இருக்கு," என்று குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கே கிளம்பிவிட்டீர். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பீர், அவ்வளவு வேகம். நான் பின்னாலேயே வந்தேன். பிப்பெட்டைப் பற்றி ஒன்று சொன்னேன். உமக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். மாடிப்படி வந்ததும்தான் என் குரல் எழும்பியது.

"தொலுயீனுக்குப் போட்ட பிப்பெட்டும் அதே ஜாடியிலதான் கெடந்துது."

நின்றுவிட்டீர். உமது முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். திட்டப் போகிறீர் என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். நீர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்.

"சரி. உம்ம பயத்துக்கு ஒரு குழாய் வைப்போம். நெசமா இல்லையான்னு அது சொல்லட்டும்."

அதே செல்கள், புதிதாகக் கழுவிய பிப்பெட். இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மதிய மணி அடித்தது. அந்தக் குழாயில் மஞ்சளின் சாயல்கூட வரவில்லை. கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "நல்லவேளை, முதல்வரு ரூம் வரைக்கும் போவல. போயிருந்தா அவரு மாலை வாங்கியாரச் சொல்லிருப்பாரு," என்றீர். அவ்வளவுதான். ஒரு பெரிய கண்டுபிடிப்பு கையைவிட்டுப் போன மனிதர் பேசுகிற பேச்சாக அது இல்லை.

அதற்குப் பிறகு எந்தச் சோதனையைத் தொடங்கினாலும் முதலில் என்னிடம் கேட்பீர்: "இன்னைக்கு என்னவே பயம்?" நான் சொல்வேன். அந்தப் பயத்துக்கு ஒரு குழாய் தனியாக நிறுத்தப்படும். மாணவர்கள் அதற்கு 'அய்யா குழாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் மஞ்சளுக்காகக் காத்திருப்பார்கள்; நான் என் குழாயில் ஒன்றும் நடக்காமல் இருக்கவேண்டுமே என்று காத்திருப்பேன். ஒன்றும் நடக்காத குழாயை யார் பாராட்டப் போகிறார்கள் என்று ஒரு நாள் சலித்துக்கொண்டேன். நீர் தலை நிமிராமல் சொன்னீர்: "அதுல ஒண்ணும் நடக்காததுனாலதாம்வே மத்தத நம்ப முடியுது."

உமக்கு என்று ஒரு குழாய் ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை. புன்னைக்காயலில் அதை நேரிலேயே கண்டேன். கடலில் வாழும் சில பாக்டீரியா உப்பை வைத்துச் சர்க்கரையை இழுக்கின்றன. வெளியே சோடியம் நிறைய இருக்கிறது, உள்ளே குறைவு. அது உள்ளே பாயத் துடிக்கிறது. தன்னோடு ஒரு சர்க்கரையையும் கூட்டிவந்தால்தான் வாசல் அதற்கு வழிவிடுகிறது. அந்த வகையைப் பிடித்து வர, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கே நாம் போனோம். ஒரு வள்ளத்தில் ஏறினோம். எனக்கு நீச்சல் தெரியாது. உட்கார்ந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அய்யா, பலகைய விடுங்க. அது எங்கயும் ஓடிப் போவாது," என்றார் வள்ளக்காரர்.

"விட்டா அவரு ஓடிருவாரு அண்ணாச்சி," என்றீர் நீர். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தீர். "இங்கன உப்பு." கொஞ்சம் ஆற்றுக்குள் தள்ளிப் போனதும் மறுபடி அள்ளினீர். "இங்கன இனிப்பு. ரெண்டும் சேருத எடத்துலதான் நாம தேடுத ஆளு குடியிருப்பான்." எதிலெல்லாம் கிருமி இருக்கிறது என்று பாடம் நடத்துகிறவர், அந்தத் தண்ணீரை இரண்டு தடவை நாக்கில் வைத்தீர். நான் ஆழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் ஓய்வுபெற்று வெகுநாள் கழித்து, ஒரு நாள் ஸ்கூட்டரில் பெருமாள்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினீர். கையில் கலரில் அச்செடுத்த ஒரு படம். கடல் பாக்டீரியா ஒன்றின் அந்த உப்பு வாசலை, அணு அணுவாக எங்கோ எடுத்துவிட்டிருந்தார்கள். நடுக்குழியில் சர்க்கரை உட்கார்ந்திருந்தது, முன்னும் பின்னும் அடைபட்டு. துஆவுக்கும் கும்பிடுவதற்கும் நடுவில் கை நிற்குமே, அந்த நிலை. நாம் கையால் காட்டியது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

"நம்ம புன்னைக்காயல்காரனுக்குச் சொந்தக்காரன்," என்றீர். "இன்னொண்ணு கேளும். நம்ம கிட்னியில இருக்குத வாசலும் இதே சாடைதான். ரத்தத்துலருந்து வடிஞ்ச சீனிய அது திருப்பி எடுத்துக் குடுக்கு. பாத்துக்கிட்டே இரும், அதுக்கு ஒரு ஆப்பு செஞ்சு மாத்திரைன்னு விப்பான். சீனியெல்லாம் மூத்திரத்துல போயிரும். மொதல்ல நீரு முழுங்கும். நான் பக்கத்துல நின்னு பாக்கேன்."

"நான் மாட்டேன்."

"ஒரு குழாய் வச்சுருவோம்."

அப்போது என் வீட்டுக்காரி உமக்குச் சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்தாள். நீர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினீர். "ஒரு கரண்டி போடு தாயி. எனக்கு எல்லா வாசலும் தொறந்துதான் கெடக்கு." உமக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. நான் போடவேண்டாம் என்றேன். அவள் அரைக் கரண்டி போட்டாள்.

உமக்குக் குளிர் காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்ததால் என்றுதான் சொன்னீர். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்துக்கு ஏறிவிட்டது என்று தெரிந்தது. நான் வந்தபோது உம் மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். பரிசோதனை முடிவு கட்டிலில் கிடந்தது. கண்ணாடி இல்லாமல் உம்மால் வாசிக்க முடியவில்லை.

"படியும்வே."

வாசித்தேன். நாம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அதே குடல் பாக்டீரியாவின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"நம்ம ஆளா?"

"ஆமா."

"லாக்டோஸ் திங்குதா?"

"திங்குது."

சிரித்தீர். சிரிப்பு இருமலாக மாறியது. "எத்தன வருசம் பால் சீனி ஊட்டி வளத்தோம். நன்றி கெட்ட கழுத."

கண்ணை மூடிக்கொண்டீர். தூங்கிவிட்டீர் என்று எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தீர். உமது கை கொதித்தது.

"இன்னைக்கு என்னவே பயம்?"

மற்றக் கையால் உமது போர்வையை இழுத்துவிட்டேன்.

"சரி, உமக்கு ஒண்ணு வையும்," என்றீர். பிறகு மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, பையச் சொன்னீர்: "எனக்கும் சேத்து ஒண்ணு வையும்."

நீர் அப்படிக் கேட்டதே இல்லை. வள்ளத்தில் கேட்டதில்லை, மாடிப்படியில் கேட்டதில்லை. எதை ஊற்றி, எதில் வைப்பது என்று தெரியாமல், சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மதியம் உம் மகன் போன் செய்தான். "வாப்பா மவுத்தாயிட்டாவ, மாமா."

மேலப்பாளையத்தில் உம்மை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் துஆவுக்குக் கைகளை விரித்தார்கள். என் கைகள் பழக்கத்தில் குவிந்துவிட்டன. குவிந்ததைப் பார்த்தேன். பிறகு நானும் விரித்தேன். உம்முடைய பங்கை நான் செய்தது அதுதான் முதல் தடவை.

இந்த வருடம் ஆனித் தேரோட்டத்துக்கு முன்பு, நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்தது. டாக்டர் இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். எழுதித் தந்த மருந்துகளில் ஒன்றின் பெயரை வீட்டுக்கு வந்து படித்தபோது கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். நீர் சொன்ன ஆப்பு அது. சர்க்கரை நோய்க்கு வந்தது, இப்போது இதயத்துக்கும் கொடுக்கிறார்கள். சர்க்கரை உட்காரும் குழியில் தானே போய் உட்கார்ந்து, வாலை வெளி வாசலில் நீட்டிக்கொள்கிறது. வெளி வாசல் அடைபடாது. அது அடைபடாமல் உள் வாசல் திறக்காது. துஆவிலேயே நின்றுபோன கை.

எனக்கு அந்த வாசலைப் பற்றிக் கவலை இல்லை. மற்ற வாசலைப் பற்றித்தான். நம் ஆள் குளுக்கோஸை எடுப்பது முற்றிலும் வேறொரு வழியில் அல்லவா. எடுக்கும்போதே அதன்மேல் பாஸ்பேட்டால் ஒரு முத்திரை குத்திவிடுகிறான். குத்திய சர்க்கரை திரும்ப வெளியே போக முடியாது. அந்த வாசலை இந்த மாத்திரை தொடக்கூட முடியாது. என் வாசல் அடைபட்டு, சர்க்கரையெல்லாம் கீழே இறங்கும்; அவன் வாசல் திறந்தே இருக்கும். உமது நோய் உமக்குச் செய்ததை, நான் என் கையால் எனக்குச் செய்துகொள்ளப் போகிறேன். இப்படித்தான் என் புத்தி ஓடியது. காலையில் டம்ளரில் தண்ணீர் எடுப்பேன், அட்டையைப் பார்ப்பேன், தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு அட்டையைப் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வீட்டில் கேட்டால் தலையை ஆட்டுவேன். கால் வீக்கம் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு பயத்துக்கும் இன்னொரு பயத்துக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுமுறை டாக்டரிடம் போனபோது, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா எடுக்கீங்களா ஸார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி தன் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஒண்ணுகூட முழுங்கல. பஞ்சாங்கத்துக்குப் பொறத்தால ஒளிச்சு வச்சிருக்காவ. அமாவாசை என்னைக்குன்னு பாக்கப் போயி கண்டுபிடிச்சேன்."

டாக்டர் சின்ன வயதுக்காரர். அவர் சிரிக்கவில்லை. "ஏன் ஸார்?" என்று மட்டும் கேட்டார். நான் மணிக்கட்டுகளை ஒட்டவைத்துக் கைகளை விரித்தேன். பிறகு குவித்தேன். இரண்டு பேருடைய பங்கையும் நான் ஒருவனே செய்தேன். உம்மைப் பற்றிச் சொன்னேன். முத்திரை குத்துகிற வாசலைப் பற்றிச் சொன்னேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படுத்தவில்லை.

"நீங்க சொல்லுறதுல தப்பில்ல ஸார்," என்றார். "ஆனா சீனி இருந்தா மட்டும் பூச்சி வந்துராது. உங்க நண்பருக்கு வேற காரணங்களும் இருந்திருக்கும். நீங்க நான் சொல்லுற அளவு தண்ணி குடிங்க, மூத்திரத்த அடக்காதீங்க, சுத்தமா இருங்க. காய்ச்சல் வந்தாலோ சாப்பிட முடியாமப் போனாலோ இந்த மாத்திரைய நிறுத்திட்டு உடனே எனக்குப் போன் பண்ணுங்க. உங்களுக்கு அந்தப் பயம். எனக்கு என்ன பயம்னா, இத எடுக்காம நீங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தீங்கன்னா, ஆம்புலன்ஸுல வருவீங்க."

அவருக்கும் ஒரு பயம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அதைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது. "தொடங்குததுக்கு முன்னால மூத்திரத்துல கிருமி வளருதான்னு ஒரு கல்ச்சர் பாத்துக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"அவசியமில்ல ஸார். அது நோய்க்கு இல்ல, உங்க பயத்துக்குத்தான்."

"ஆமா. அதுக்குத்தான்."

அவர் எழுதிக் கொடுத்தார்.

நேற்று முத்துலட்சுமி என் பெயர் எழுதிய தட்டைக் கண்டுபிடித்து, மூடியைத் திறக்காமலே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். லாக்டோஸ் தின்கிறவன் தட்டில் ரோஜா நிறமாக வளர்வான். உமது தட்டின் அந்த ரோஜா நிறத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. முத்துலட்சுமியின் கையில் இருந்த தட்டில் எதுவும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ஊற்றி ஆறவைத்தபோது இருந்தபடியே வழவழவென்று இருந்தது.

"அய்யா குழாய்," என்றாள். அவளுக்கு நினைவிருந்தது.

நான் சிறுநீரில் சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் கரைசல் இருக்கிறதா என்று கேட்டேன். "இப்ப நனைச்சுப் பாக்குத பட்டை வந்துட்டே அய்யா, அதுவே நிறம் காட்டும்," என்றாள். எனக்குக் குழாய்தான் வேண்டும் என்றேன். எங்கோ பின்னால் போய்த் தேடி ஒரு சிறிய புட்டியும் சில குழாய்களும் கொடுத்தாள்.

இன்று காலை சாப்பாட்டுக்குப் பின் முதல் மாத்திரையை விழுங்கினேன். என் வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள். "வாயத் தொறங்க," என்றாள். திறந்து காட்டினேன். நீர் பக்கத்தில் நின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தீர். அந்த இடத்தில் அவள் நின்றாள்.

மாலையில் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, குழாய்களை அதில் நிறுத்தினேன். ஒன்றில் மாத்திரைக்கு முன்னால் எடுத்து வைத்த சிறுநீர். இரண்டாவதில் மாத்திரைக்குப் பின்னால் எடுத்தது. மூன்றாவதில், வீட்டுக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர். மூன்றிலும் பெனடிக்ட்டின் நீலம்.

"என்னத்தக் காய்ச்சுதிய? எம் பால் சட்டியா அது?"

"பழைய சட்டிதான்."

"இனிமே அது ஒங்க சட்டி. எங் கண்ணுல காட்டாதிய."

அடுப்பை விட்டு நகரவில்லை நான். முதல் குழாய் நீலமாகவே நின்றது. இரண்டாவது பச்சையானது, மஞ்சளானது, பிறகு செங்கல் நிறத்துக்கு இறங்கியது. ஆப்பு இறுகிவிட்டது, சர்க்கரை வெளியேறுகிறது. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும், அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று உம்மிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

மூன்றாவது குழாய் உமக்கு. நீர் கேட்டு இத்தனை நாள் கழித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை. மற்ற இரண்டையும் கொட்டிக் கழுவிவிட்டேன். அதை மட்டும் ஆறவைத்து ஜன்னலில் நிறுத்தியிருக்கிறேன். வெயில் இறங்கும்போது அந்த நீலம் சுவரில் விழுகிறது.

நாளைக்குக் காலையில் அடுத்த மாத்திரை. இன்றைக்கு என்ன பயம் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். பதிலைச் சொல்லிவிட்டு, எனக்கு ஒன்று, உமக்கு ஒன்று என்று குழாயை இரண்டாகவே வைப்பேன்.